கத்திரி வேண்டாம்

கத்திரியை எடுத்த ஷஹனாஸின் கையை அம்மா தட்டிவிட்டாள். ஈ உட்கார்ந்த அளவுக்குத்தான் அந்தத் தட்டில் பலம் இருந்தது. ஆனாலும் ஷஹனாஸ் கத்திரியைக் கீழே போட்டாள்.

“வெட்டாத. இங்க குடு.”

“அம்மா, இத எப்பப் பிரிச்சு முடிக்கிறது? வெட்டிட்டுப் புது நரம்பு கோத்துக்கலாம்.”

“எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லல. ஒன்னு போதும் எனக்கு.”

வேன் காவிரிப் பாலத்தில் ஏறியது. நடு இருக்கையில் அம்மா வஹீதாவைத் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். நான்கு தூண்டில் கம்புகள், ஒவ்வொன்றும் இரண்டாகக் கழற்றப்பட்டு, பின் இருக்கையிலிருந்து அவள் முழங்கால்வரை நீண்டு கிடந்தன. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கயிற்றில் வாழைத்தார் மாதிரி கட்டப்பட்டிருந்தன. ரீல்களிலிருந்து அவிழ்ந்த தூண்டில் நரம்பு கம்புகளுக்குள் புகுந்து, வளையங்களைச் சுற்றி, முள்களோடு பின்னிக்கொண்டு, எது எதனுடையது என்று தெரியாமல் கிடந்தது.

கட்டியது அண்ணன் ஆசாத். அம்மா புத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கண்ணில் படக் கூடாதென்று ஹால் சுவரிலிருந்து எடுத்து, உறைகளை உருவி எறிந்துவிட்டு, பரணில் செருகிவிட்டான். அன்று காலை அவற்றை இறக்கி வேனில் போட்டுக்கொண்டுதான் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்திருந்தார்கள்.

அந்த உறைகளை அம்மாவே தைத்திருந்தாள். பாலக்கரைத் தெருவில் பாதிப்பேர் அவளிடம்தான் துணி தைக்கக் கொடுத்தார்கள். சுடிதார் தைத்து மிஞ்சிய துணியில் ஒரு கம்புக்கு ஒரு நிறம் என்று நீளநீளமாக உறை போட்டாள். ஆற்றிலிருந்து திரும்பும்போது எவ்வளவு அசதியாக இருந்தாலும் முள்ளைக் கீழ் வளையத்தில் மாட்டி, ரீலைச் சுற்றி நரம்பை விறைப்பாக்கி, இரண்டு பாதியையும் ஒட்டவைத்து சைக்கிள் டியூப் துண்டால் கட்டி, உறைக்குள் இறக்காமல் கரையைவிட்டு நகரமாட்டாள். “கொஞ்சம் தொய்வு விட்டாப் போதும், பஸ்ல ஆடி ஆடி அதுவே முடிச்சுப் போட்டுக்கும்” என்பாள். முக்கொம்பு பஸ்ஸில் கண்டக்டர் ஒருமுறை, “என்னம்மா, எந்தக் கட்சிக் கொடிக்கம்பம்?” என்று கேட்டான். “மீன் கட்சி. டிக்கெட்டக் குடு” என்றாள்.

தூண்டில் பழகியது பஹ்ரைனில். அத்தா ஹபீபுல்லா அங்கே கம்பெனி வண்டி ஓட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் குடும்பங்கள் கடற்கரைக்குப் போகும். ஆம்பிளைகள் வீசிக்கொண்டிருந்த கம்பை ஒருநாள் வாங்கி அவளும் வீசினாள். ஊர் திரும்பியபிறகும் விடவில்லை. காந்தி மார்க்கெட்டில் பழ மண்டி வைத்திருக்கும் ஆசாத்தை, “அம்மாவுக்கு இன்னைக்கு என்ன மாட்டுச்சு?” என்று மற்ற வியாபாரிகள் கேலி செய்தார்கள். அவனுக்கு அது ஆறாத புண்.

ஷஹனாஸின் போன் அடித்தது. ஆசாத்.

“எங்க இருக்க?”

“பாலத்துல. அம்மாவ மேலூர் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறோம்.”

மறுமுனையில் லாரி ஹாரனும் கூலியாள்களின் சத்தமும் கேட்டன. அப்புறம் அவன் குரல் தாழ்ந்து வந்தது.

“வண்டியத் திருப்பச் சொல்லு. அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?”

“சொன்னாரு. இனி செய்ய ஒன்னுமில்லன்னும் அவருதான் சொன்னாரு.”

“நான் மதுரையில வேற டாக்டர்ட்ட பேசிக்கிட்டு இருக்கேன். நாளைக்கே கொண்டுபோயிடலாம். திருப்பு ஷானா. வழியில ஏதாவது ஆச்சு, அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

“நீ முழிக்காட்டிப் போ. திருப்ப மாட்டோம்.”

ஷஹனாஸ் போனை மடியில் கவிழ்த்தாள். ஓட்டிக்கொண்டிருந்த அத்தாவைப் பார்த்து, “அண்ணன் திருப்பச் சொல்லுது” என்றாள். காலமெல்லாம் பின்சீட்டில் இருப்பவர்கள் சொன்ன பக்கம் வண்டியைத் திருப்பிப் பழகியவர் அவர். கியரை மாற்றி நேராகப் போனார்.

“அவனுக்குப் பயம்” என்றாள் அம்மா, சிக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஊசின்னாலே ஓடுவான் சின்னதுல.” அவள் விரல்கள் ஒரு முடிச்சுக்குள் நகத்தை நுழைத்து, இழுக்காமல், சும்மா அகட்டிக்கொண்டிருந்தன. மருந்து ஏற்றி ஏற்றிப் புறங்கையெல்லாம் கருத்திருந்தது. இடையிடையே களைத்துக் கண்ணை மூடினாள். மூடியபோதும் விரல் நிற்கவில்லை. அம்மாமண்டபம் தாண்டி மேலூர்ச் சாலையில் வாழைத்தோப்புகள் வரும்போது, மற்றவற்றுக்குள்ளிருந்து மிக நீளமான கம்பின் இரண்டு பாதிகளையும் வெளியே உருவினாள். அதன் நரம்பு எங்கும் அறுபடாமல் அதோடு வந்தது.

“மிச்சம் மூணு?” என்றாள் ஷஹனாஸ்.

“அது உன் பாடு.”

மேட்டூர் திறந்து ஆறு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பரிசல்காரன் வீரமலை கரையோர மடுவில் காத்திருந்தான். அத்தா அம்மாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவளைப் பார்த்ததும் வீரமலை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான்.

“என்னங்கம்மா, இப்புடி ஆயிட்டீங்க?”

“நீ மட்டும் என்ன, குமரனாட்டமா இருக்க? பரிசலப் புடி.”

பரிசல் வட்டமானது. துடுப்பைக் கொஞ்சம் விட்டால் தன்னைத்தானே சுற்றும். நீளக் கம்பை அதில் குறுக்கே போட்டால் சுற்றுகிற சுற்றில் நுனி ஒருவர் முகத்தில் இடிக்கும், நரம்பு துடுப்பில் ஏறும். அதற்காகவே அம்மா கெட்டித் துணியில் வரிசையாகப் பைகள் வைத்து ஒரு பட்டை தைத்திருந்தாள். பரிசலின் விளிம்பில் அதைக் கட்டி, ஒரு பைக்குள் ஒரு கம்பின் அடியைச் செருகிவிட்டால், எல்லா நுனியும் ஒரே பக்கம் ஆற்றைப் பார்த்து நிற்கும். வீரமலை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து துடுப்பு போடுவான். அன்றைக்கும் ஷஹனாஸ் அந்தப் பட்டையைக் கட்டினாள். மூன்று பைகள் காலியாக இருந்தன.

அம்மாவால் வீச முடியவில்லை. ஷஹனாஸ் வீசிக் கொடுத்தாள். அத்தாவின் மார்பில் சாய்ந்து, கம்பின் அடியைத் தொடைமேல் ஊன்றி, நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். அக்கரையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் தாமதமாக வந்து சேர்ந்தது. வெயில் ஏறியது. போய்விடலாமா என்று கேட்க ஷஹனாஸ் இரண்டுமுறை வாயெடுத்து, கேட்கவில்லை.

கம்பு சட்டென்று வளைந்தது.

“நான் பிடிக்கிறேம்மா.”

“தொடாத.”

மீன் பரிசலுக்கு அடியில் பாய்ந்தது. வீரமலை சொல்லாமலே துடுப்பை அழுத்திப் பரிசலைத் திருப்பி நரம்பை வெளிப்பக்கம் கொண்டுவந்தான். அம்மாவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. இழுக்கவில்லை; விட்டாள். மீன் ஓடி நின்றதும் சுற்றினாள். மறுபடி விட்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் மூச்சு வாங்க நின்றாள். ரீலைச் சுற்றும் அவள் கைக்குமேல் அத்தா தன் கையை வைத்தார். அவள் முழங்கையால் அவரை இடித்தாள். அவர் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் வீரமலை வலைக்கூடையில் ஏந்தியபோது அது முழங்கை நீளக் கெண்டையாக இருந்தது. அம்மா அதைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

“ஆசாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த ஆப்பிளுக்கு இது மேல” என்றாள். வீரமலை சிரித்தான். “தண்ணி குடு ஷானா.”

இரண்டு மடக்கு குடித்து, அத்தாவின் தோளில் தலையை வைத்தாள். ஷஹனாஸ் திரும்பி உட்கார்ந்து முள்ளைக் கீழ் வளையத்தில் மாட்டி, ரீலைச் சுற்றி நரம்பை விறைப்பாக்கி, கம்பைக் கழற்றினாள். டியூப் துண்டு வேனில் இருந்தது. தன் தலைமுடி ரப்பரை எடுத்து இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டினாள்.

“ஷானா” என்றார் அத்தா. “மெதுவாத் திரும்பு.”

அம்மா தூங்குவது போலத்தான் இருந்தாள். வாய் மட்டும் சற்றுத் திறந்திருந்தது. அத்தா அதை விரலால் மூடி, உதடு அசைய ஓதினார். வீரமலை துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பரிசல் மெல்லச் சுற்றியது. மேலூர்க் கரை போய் அக்கரை வந்தது, மறுபடி மேலூர்க் கரை வந்தது. கொஞ்சநேரம் கழித்து ஷஹனாஸ்தான், “துடுப்பப் போடுங்கண்ணே” என்றாள்.

*

வீட்டு வாசலில் ஆசாத் நின்றிருந்தான். அத்தா அம்மாவை இறக்கி உள்ளே கொண்டுபோகும்வரை ஒதுங்கி வழிவிட்டான். பிறகு நடையில் ஷஹனாஸை மறித்துக்கொண்டான். பின்னால் ஜமாத் ஆட்களும் தெருக்காரர்களும் கூடியிருந்தார்கள்.

“கொன்னுட்டல்ல?”

“அம்மா மௌத்தாயிட்டாங்க. யாரும் கொல்லல.”

“ஆஸ்பத்திரியில இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க.”

“இருந்திருப்பாங்க. உன் பரண்ல கிடந்த கம்பு மாதிரி.”

அவன் கையை ஓங்கினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஓங்கிய கை இறங்கியது. அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள், தோளில் நான்கு கம்புகளோடு.

மையித்தைக் குளிப்பாட்ட வந்த பெண், மணிக்கட்டில் பளபளவென்று ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினாள். “என்னம்மா இது, போகமாட்டேங்குது?”

“மீன் செதில்” என்றாள் ஷஹனாஸ். தானே தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். அம்மாவின் ஆள்காட்டி விரலில் நரம்பு அழுத்திய கோடு இன்னும் சிவப்பாக இருந்தது. அது தண்ணீரில் போகவில்லை. கஃபன் துணி சுற்றும்போது அந்தக் கை உள்ளே போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஹாலில் பெண்கள் யாசீன் ஓதினார்கள். ஷஹனாஸ் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து தானும் ஓதி முடித்தாள். பிறகு சுவரோரமாக நகர்ந்து, சிக்கிக் கிடந்த மூன்று கம்புகளையும் மடியில் இழுத்துக்கொண்டு முடிச்சைத் தேட ஆரம்பித்தாள்.

அத்தாவின் அக்கா பாத்துமுத்து மாமி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“என்ன காரியம் பண்ற? வந்தவங்க எல்லாம் பாக்குறாங்க.”

“பாக்கட்டும் மாமி.”

“பொம்பளை தூண்டி போட்டதே தப்பு. அதோட போயி உசுரும் போச்சு. சந்தூக் கிளம்புறதுக்குள்ள இதெல்லாம் வீட்டவிட்டு வெளிய போகணும். ஆசாத்தக் கூப்புடு, ஒடிச்சுப் போடட்டும்.”

“ஒடிக்கிறவங்க என்னைத் தாண்டி எடுக்கட்டும்.”

ஓதுகிற குரல்கள் தணிந்தன. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தா எழுந்து வந்து வாசல்படியில் நின்றார். அவர் தன் அக்காவை எதிர்த்துப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“அது வஹீதாவோடதுக்கா” என்றார். “இங்கதான் இருக்கும்.”

மாமி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அம்மாவைச் சுமந்து சந்தூக் கிளம்பியது. முன்பக்கம் ஆசாத் தோள் கொடுத்தான். தெருமுனை திரும்பும்வரை பெண்கள் வாசலில் நின்றார்கள். திரும்பி உள்ளே வந்தபோது ஹால் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. ஷஹனாஸ் சுவரோரம் உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த முடிச்சைத் தேடிப் பிடித்தாள். அதன்பிறகு இன்னொரு கம்பு வெளியே வந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி அண்டா வந்தது. மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது தெரு வழக்கம். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். ஆண்கள் கபர்ஸ்தானிலிருந்து திரும்பும் நேரத்தில் ஷஹனாஸ் வேனிலிருந்து இறக்கியிருந்த மீன் ஐஸ்பெட்டியைத் திறந்து கெண்டையை வெளியே எடுத்தாள்.

“அத என்ன பண்ணப்போற?” என்று சமையலறைக்குள் வந்த மாமி கேட்டாள். “வேலைக்காரிகிட்ட குடுத்துடு.”

“அம்மா புடிச்சது.”

“மௌத்து வீட்டுல மீன் வாடையா? உனக்கு என்ன ஆச்சு?”

“அல்லாஹ் தடுக்கலையே மாமி. தெருதானே தடுக்குது.”

அரிவாள்மனையை இழுத்துப் போட்டுச் செதில் சுரண்டினாள். துண்டு போட்டு மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவினாள். கல் காய்ந்ததும் முதல் துண்டைப் போட, எண்ணெய்ச் சத்தம் ஹால்வரை கேட்டது. மாமி அதைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கதவோரம் இருந்த கரண்டியை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அத்தா வந்து சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஷஹனாஸ் தட்டை வைத்தாள். கெண்டையில் முள் அதிகம். அவர் வெளிச்சத்தில் ஏந்திப் பார்த்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். ஒரு வாய் சாப்பிட்டார். மறுபடி முள்ளெடுத்தார். இரண்டாவது துண்டை முழுவதும் முள்ளில்லாமல் பிரித்து, சாப்பிடாமல், தட்டின் மறுபக்கம் தள்ளி வைத்தார்.

“ஆசாத்” என்று கூப்பிட்டார், குரலை உயர்த்தாமல்.

ஆசாத் கொல்லைக் குழாயடியில் நின்றிருந்தான். நகக்கண்ணில் ஏறியிருந்த கபர் மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். கூப்பிட்டது அவனுக்குக் கேட்டது. தண்ணீர் தெளிவாக ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அவன் குழாயை மூடாமல், கையை அதன்கீழ் நீட்டியபடியே நின்றான்.