மேஜைமேல் கிடந்த மாஸ்க்

அன்று சாயங்காலம் சமையலறைக் கதவைத் திறந்த டெர்வ்லாவுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. நெபுலைசர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்க் மேஜைமேல் அநாதையாகக் கிடக்க, அதிலிருந்து கிளம்பிய மருந்துப் புகை விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. நாலு வயது நெஸ்ஸா அப்பா ஃபின்டனின் மடியில் உட்கார்ந்து டோஸ்ட் தின்றுகொண்டிருந்தாள்.

நெஸ்ஸாவுக்குப் பிறவியிலேயே நுரையீரலில் சளி கெட்டியாகச் சேரும் நோய். அன்று காலையில்தான் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி குத்தி மருந்து ஏற்ற வேண்டியதுதான் என்றார். வீட்டில் புகை மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டதற்கு, காலையில் தன்னிடம் உதைத்துக் கடித்து ஊரைக் கூட்டுகிற பிள்ளை, சாயங்காலம் அப்பாவிடம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று டெர்வ்லா பெருமையடித்துவிட்டு வந்திருந்தாள். அவன் நல்ல அப்பா, தான் பொல்லாத அம்மா என்று வரும் வழியெல்லாம் காரில் அழுததும் இந்த லட்சணத்துக்குத்தான்.

"ஏன் ஃபின்டன், வெளக்குக்கு மூச்சுத் திணறுதா?"

அவன் அசையவில்லை. "கத்தாத. பழக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"சத்தத்துக்கு. கிடேரிக்கு எடுத்த எடுப்புலயே மடியில கறவைக் கப்ப மாட்டினா உதைக்காதா? மெஷின ஓடவிட்டு, தீவனத்தப் போட்டு, சும்மா நிக்க வைப்போம். பயம் தெளிஞ்சா தானா நிக்கும். நீயும் மாட்டுப் பண்ணையில பொறந்தவதானே."

"எப்பலேருந்து பழக்குற?"

"ஹாலோவீன்லேருந்து. அக்டோபர் கடைசிலேருந்து."

"கிறிஸ்துமஸ் மரமே வச்சாச்சுடா. கிடேரிய கன்னு போடறதுக்கு முன்னாடி பழக்குவ. அப்ப மடியில பால் கெடையாது, உனக்கு ஒண்ணும் வீணாப் போகாது. இங்க தெனமும் மருந்து காத்துல போகுது. எம்புள்ள நெஞ்சுக்குப் போகவேண்டிய மருந்து."

"நீ அமுக்கிப் புடிச்சு வைக்கிறியே, அது மட்டும் உள்ள போகுதா? அழற புள்ளைக்குப் பாதிகூட எறங்காதுன்னு நர்ஸ் சொன்னாங்கல்ல?"

அது உண்மை. அதனாலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சமாவது போச்சே. நீ நல்ல பேரு வாங்கறதுக்கு இவ ஊசி குத்திக்கணுமா?"

ஃபின்டனுக்கு முகம் வெளுத்தது. சாயங்காலம்தான் பண்ணையிலிருந்து திரும்பிய அவனுக்கு ஊசி விஷயம் இன்னும் தெரியாது. டெர்வ்லா அதைப் பொருட்படுத்தாமல் மிஷினை அணைத்தாள், புது மருந்துக் குப்பியை உடைத்து ஊற்றினாள். அவசரத்தில் கொஞ்சம் கீழே சிந்தியது. மறுபடி மிஷினைப் போட்டு, மாஸ்க்கை எடுத்துக்கொண்டு பிள்ளை பக்கம் திரும்பினாள்.

நெஸ்ஸா மடியிலிருந்து இறங்கினாள். இதோ ஓடப்போகிறாள் என்று டெர்வ்லா தாவிப் பிடிக்கக் குனிந்தாள். ஆனால் நெஸ்ஸா ஓடவில்லை. கிட்டே வந்து, வெண்ணெய் பிசுபிசுத்த உள்ளங்கையை அம்மாவின் இடுப்பில் பரப்பி வைத்தாள்.

"நில்லும்மா, நில்லு. ஒண்ணுமில்ல. யாரும் அடிக்க மாட்டாங்க."

உதைக்கிற மாட்டின் விலாவில் கை வைத்து ஃபின்டன் பேசுகிற அதே குரல், அதே இழுப்பு. ஃபின்டனின் உதடு லேசாகக் கோணியது.

"சிரிச்ச, கொன்னுடுவேன்" என்றாள் டெர்வ்லா. பிறகு அப்படியே தரையில் மண்டியிட்டாள். அந்தச் சின்னக் கை தோளுக்கு மாறியது.

"இப்ப நிக்கிறியா?"

"நிக்கிறேன்டி."

"அப்ப மாட்டு." நெஸ்ஸா தாடையை நிமிர்த்திக் காட்டினாள்.

டெர்வ்லா இடைவெளி இல்லாமல் மாஸ்க்கைப் பொருத்தினாள். உள்ளே புகை போவதும் வருவதும் தெரிந்தது. பிள்ளை அழவில்லை. உதவுகிறேன் என்று ஃபின்டன் எழுந்தான். அவள் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்துவிட்டான். இன்னும் அவனிடம் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் தோள்மேல் அந்தக் கை இருந்தது. மருந்து தீரும்வரை உதைக்கக்கூடாது என்று டெர்வ்லா பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலிலேயே நின்றாள்.