ஃபெமினா அடித்த வரி

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகத்தான் பிறந்தது. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை, அமில எதுக்களிப்புக்காக அங்கே கருவி பொருத்திக்கொண்டவர்களைப் பற்றி 'வெற்றிக் கதைகள்' எழுதித் தரச் சொன்னது. ஒப்புக்கொண்டேன். ஆளைப் பார்க்கும் முன்பே கடைசி வரியையும் எழுதிவிட்டேன்: "இன்று ஃபெமினா எதையும் அச்சமின்றிச் சாப்பிடுகிறார்."

(நினைத்தால் இப்போதும் கூசுகிறது. இருக்கட்டும், நீக்கப்போவதில்லை.)

2

முதல் தொடக்கம்: "சரவணம்பட்டிப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சரான ஃபெமினா, பூ போன்ற மென்மையான..." இல்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்லர்.

இரண்டாவது: ஒன்பது வருடமாக ஃபெமினா நாற்காலியில் சாய்ந்துதான் தூங்கினார். படுத்தால் நெஞ்செரிச்சல் ஏறித் தொண்டை புளிக்கும். மாத்திரைகளுக்கும் கேட்கவில்லை. டாக்டர் வெங்கடபதி, உணவுக்குழாயின் அடியில், வெளிப்புறமாகச் சுற்றி, காந்த மணிகள் கோத்த ஒரு சின்ன வளையத்தைப் பொருத்தினார். சோறு இறங்கும்போது வளையம் விரியும். பிறகு மூடிக்கொண்டு அமிலத்தைத் தடுக்கும். தடுக்கவும் செய்தது. ஃபெமினா கட்டிலில் படுத்துத் தூங்கினார். இதை நான் மறைத்தால் கதை பொய்யாகிவிடும்.

ஆனால் சோறு இறங்கவில்லை. முதலில் சப்பாத்தி நின்றது, பிறகு இட்லி. இரண்டு முறை பலூன் விட்டு விரித்துப் பார்த்தார்கள். ஒன்றரை வருடத்தில் பதினாலு கிலோ எடை குறைந்துவிட்டார். "எடுத்துருங்க" என்று அவர் கேட்டபோதெல்லாம் "பழகிருமுங்க" என்றார்கள்.

3

எரிச்சல் நின்றதால் மருத்துவமனையின் கணக்கில் அவர் வெற்றிதான். படப்பிடிப்பு நாள். விளம்பரப் பிரிவு மதன்குமார் கேமராவை ஓடவிட்டார். டாக்டரும் இருந்தார். நான் முன்பே எழுதிவைத்திருந்த தாளை வாங்கிப் படித்த ஃபெமினா, பேனா கேட்டு வாங்கி, கடைசி வரியைக் குறுக்கே அடித்தார்.

"ஏனுங்க, கேன்டீன்ல ஒரு பன்னு வாங்கித் தரீங்களா?"

வந்தது. ஒரு வாய் பிட்டு, நன்றாக மென்று விழுங்கினார். நின்றுவிட்டது. நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். கண்ணில் நீர் வழிந்தது. டாக்டர் எழுந்தபோது கைகாட்டி உட்காரவைத்தார். ஏழு நிமிடம். பிறகு வாஷ்பேசினில் கக்கிவிட்டு வந்தார்.

மதன்குமார் கேமராவை நிறுத்தப் போனார்.

"ஓடட்டும் கண்ணு" என்றார் ஃபெமினா.

"ரொம்பச் சிலருக்குத்தானுங்க மேடம் இப்படி ஆகும்" என்றார் வெங்கடபதி.

"அந்தச் சிலர்ல ஒருத்தி பேரு ஃபெமினாங்க, டாக்டர். உங்க பதிவுல எழுதிப்போடுங்க. அடுத்து வர்றவங்களுக்குக் காட்டோணுமுங்க."

அன்றே எண்டோஸ்கோபி செய்தார்கள். இரண்டு மணிகள் குழாயின் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்தன. டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க மொதல்ல சொன்னப்பவே பாத்திருக்கோணுங்க" என்றார். அதை அப்படியே அவருடைய மருத்துவப் பதிவில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

4

வியாழக்கிழமை வளையத்தை எடுக்கிறார்கள். இன்று செவ்வாய். கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி ஃபெமினாவிடம் கொண்டு போனேன். ஒன்றில் எல்லாம் சரியாகிவிடுகிறது. மற்றதில், அமிலம் திரும்ப வந்து அவரை...

அதற்கு மேல் என்னைப் படிக்க விடவில்லை.

"ரெண்டுலயும் நான் சும்மா படுத்துக் கெடக்கறனுங்க. எரிச்சல் திரும்பி வந்தா வரட்டும், பாத்துக்கறேன். எடுக்கச் சொன்னது நானுங்க. அதோட நிறுத்திக்குங்க."

நிறுத்திக்கொள்கிறேன். முடிவு இல்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். அவரைக் கேட்காமல் மட்டும் எழுதாதீர்கள்.