முடி வளரும் மாத்திரை

அமெரிக்கத் தமிழர்களிடம் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், முடி வளர மருந்து வைத்திருப்பதை மட்டும் மறைக்க முடியாது. இது தெரியாமல் நான் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. தினம் ஒரு மாத்திரை போட்டால் நானும் உங்களைப் போலத்தான். நிறுத்தினால் கிருமி மறுபடி தலைதூக்கும். ஜெர்சி சிட்டியில் வேலை மாறியபோது புதுக் கம்பெனி இன்சூரன்ஸ் தரவில்லை. இலவச கிளினிக் இருக்கிறது. ஆனால் எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு மகானுபாவர், "கவர்மென்ட் மருந்தைத் தொட்டால் கிரீன் கார்டு காலி" என்று எழுதியிருந்தார். வாடகை வீடு முதல் வெண்டைக்காய் வரை அந்தக் குரூப்பைக் கேட்டே வாழ்ந்தவன், இதையும் நம்பித் தொலைத்தேன்.

சென்னையிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் ஊராருக்கும் இடம் உண்டு. பருப்புப்பொடி, பட்டுப்பாவாடை, சர்க்கரை மாத்திரை எல்லாம் அப்படித்தான் வருகின்றன. அங்கே இருக்கும் என் நண்பன் மதன் என் மாத்திரைகளை லேபிள் இல்லாத இரண்டு டப்பாக்களில் போட்டு, மகளைப் பார்க்க நியூ ஜெர்சியிலேயே இருக்கும் மான்மவுத் ஜங்ஷனுக்குக் கிளம்பிய பர்வதம் ஆன்ட்டியிடம் கொடுத்தான். என்ன மருந்து என்று ஆன்ட்டி போனில் கேட்டார். முடி வளர என்றேன். கூச்சப்பட்டு மேலே கேட்கமாட்டார் என்று நினைத்தேன்.

கைவசம் இருந்தது தீரும் சமயத்தில் வாங்கப் போனேன். ஆன்ட்டி காபியோடு ஒரே ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னொண்ணு, ஆன்ட்டி?"

"அதை எங்க மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டேன்டாப்பா. உனக்கென்ன, காடு மாதிரி இருக்கு. அவரைப் பாரு, பாவம்."

மாப்பிள்ளை பத்ரி மாடியிலிருந்து குதித்து இறங்கினான். "ப்ரோ, செம ரிசல்ட். இங்க டச் பண்ணிப் பாருங்க, பேபி ஹேர் வருது."

தொட்டுப் பார்த்தேன். ஒரு மண்ணும் இல்லை.

"குரூப்லயும் போட்டுட்டேன். எல்லாரும் ஆர்டர் கேக்கறாங்க. உங்க நம்பரைக் குடுத்திருக்கேன்."

கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் இந்த அப்பாவி தினமும் என் மருந்தை விழுங்கிக்கொண்டிருக்கிறானே. அவனை கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"பத்ரி, அது முடிக்கு இல்ல. எச்.ஐ.வி.க்கு. எனக்கு இருக்கு."

அவன் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று.

"அப்ப இது பேபி ஹேர் இல்லையா?"

சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்துவிட்டது. பத்ரி கார் சாவியை எடுத்தான்.

"ஏறுங்க, கிளினிக் போலாம். நான் முழுங்கினதுக்கு என்ன பண்றதுன்னு கேக்கணும். நீங்களும் ஒழுங்கா அங்கயே வாங்கிக்கோங்க."

"கிரீன் கார்டு போயிடுமாம். குரூப்ல போட்டிருந்தாங்க."

"அதே குரூப்லதான் நேத்து நான் பேபி ஹேர் வருதுன்னு போட்டேன்."

காரில் ஏறி உட்கார்ந்தேன்.

கிளினிக்கில் பத்ரிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றும் ஆகாது என்று சொல்லி, நன்றாகத் திட்டியும் அனுப்பினார்கள். என்னிடம் விசாவைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை. இந்த மருந்தால் கிரீன் கார்டுக்கு ஒரு பாதகமும் வராது என்று அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். கையில் மருந்தோடு வெளியே வந்தேன்.

போன் மட்டும் ஓயவில்லை. என்ன பிராண்ட், ஒரு போட்டோ அனுப்புங்க என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மாத்திரைமேல் இருக்கும் எழுத்தை ஒருவன் கூகுளில் தேடினால் போதும், நியூ ஜெர்சி முழுக்க என் பெயர் நாறிவிடும். பத்ரியிடம் புலம்பினேன். "நான் பாத்துக்கறேன் ப்ரோ" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை குரூப் ஆட்கள் ஆடும் கிரிக்கெட்டுக்கு மொட்டைத் தலையோடு வந்தான்.

"அந்த மாத்திரை பக்கமே போகாதீங்கடா. இருந்ததும் போச்சு" என்று ஒவ்வொருவரிடமும் குனிந்து காட்டினான். எல்லோரும் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். அதன்பின் எனக்கு ஒரு போனும் வரவில்லை.

அந்த நாலு முடியை அவன் தினமும் எவ்வளவு நேரம் சீவுவான் என்று ஆன்ட்டி எனக்குச் சொல்லியிருக்கிறார்.