எஃபியின் பாட்டு

"யாரு இந்த ஜன்னலைத் திறந்தது?" என்று கேட்டுக்கொண்டே எஃபி அதைப் படாரென்று சாத்தினாள். வெளி விளிம்பில் உட்கார்ந்திருந்த கடற்புறா அசையவே இல்லை.

பக்கத்து வீட்டு பெஸ்ஸி சூப் பாத்திரத்தோடு அறை வாசலில் நெளிந்தாள். "நான்தான். கொஞ்சம் காத்து வரட்டுமேன்னு..."

ஸ்காட்லாந்தின் கிரீனக்கில் நவம்பர் மாதம் காற்றுக்காக யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. போகிற உயிருக்கு வழிவிடத்தான் திறப்பார்கள். அது எஃபிக்கும் தெரியும், பெஸ்ஸிக்கும் தெரியும், கட்டிலில் கிடந்த தங்கை செங்காவுக்கும் தெரியும்.

"சூப்பை வச்சிட்டுக் கிளம்பு. இங்க இன்னும் யாரும் போகல."

"அந்தப் பறவைகிட்டயும் சொல்லுக்கா," என்றாள் செங்கா, கண்ணைத் திறக்காமல். "காலையிலேருந்து என் ரசிகனாட்டம் நிக்குது."

எஃபிக்குச் சிரிப்பு வரவில்லை. பெஸ்ஸி படியிறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றுவிட்டது.

சர்க்கரை ஆலை நடன விழாவில் பாடிக்கொண்டிருந்த பெண் செங்கா. ஒருநாள் லண்டனுக்கு ரயிலேறினாள். அடுத்த வருடம் வெள்ளி ஜரிகைச் சட்டையில் டிவியில் வந்தாள். அவளுடைய முதல் இசைத்தட்டு இல்லாத வீடு கிடையாது. அடுத்த தட்டை நாய்கூடச் சீண்டவில்லை. பிறகு உல்லாசக் கப்பல்கள், ஓட்டல்கள், குடிகாரர்கள் காது கொடுக்காத சனிக்கிழமைகள். கடைசியில் ஒரு பெட்டியோடு அக்கா வீடு.

ஊரையே ஆட்டிவைத்த அந்தப் பாட்டு எஃபியுடையது. அவர்கள் வீட்டில் புத்தாண்டு இரவன்று ஆளுக்கொரு பாட்டு உண்டு. ஒருவர் பாட்டை இன்னொருவர் தொடக்கூடாது. பாட்டுக்காரர் செத்தால்தான் அது கைமாறும். தட்டு வெளியானதும், "இனிமே அது செங்காவோடது," என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு புத்தாண்டிலும் தன் முறை வரும்போது எஃபி கேக் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

"அன்னைக்கு லண்டன்ல அந்த இசைத்தட்டுக் கம்பெனிக்காரங்க முன்னாடி நின்னப்ப, பயத்துல என் பாட்டு மறந்துபோச்சுக்கா. உன்னோடதுதான் வாயில வந்துச்சு."

"இதைச் சொல்ல இவ்வளவு வருஷமா உனக்கு?"

"பாடேன். எடுத்துக்கோ."

"உனக்கென்ன கிறுக்கா? ஆள் உசுரோட இருக்கும்போது..."

வாழ்நாளெல்லாம் அந்தப் பாட்டுக்காக உள்ளுக்குள் புழுங்கியவள்தான். இப்போது கையில் கொண்டுவந்து கொடுத்தும் வேண்டாம் என்றிருந்தது. பாடினால் இவள் செத்துவிட்டாள் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

செங்காவின் மூச்சு எங்கோ சிக்கி, இழுத்துக்கொண்டு திரும்பியது. வெளியே மத்தியானமே இருட்டத் தொடங்கியிருந்தது.

"முடியலக்கா. விட்டுடு என்னை."

எஃபி எழுந்துபோய் ஜன்னலை ஒரு கையளவு திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கரகரத்த குரலில் ஆரம்பித்தாள்.

போர்வை மேல் செங்காவின் ஆள்காட்டி விரல் தாளம் போட்டது. "மெதுவா," என்று முணுமுணுத்தாள். "நீ எப்பவும் அவசரப்படுவே."

எஃபி நிதானித்தாள். படிக்கட்டில் பெஸ்ஸியின் விசும்பல் கேட்டது.

இரண்டாவது சரணத்தின் நடுவில் விரல் நின்றது.

எஃபி நிறுத்தவில்லை. இன்னும் ஒரு சரணம் மீதியிருந்தது.