மணிக்குக் குனிந்த பிள்ளை

அளவெட்டியில் உதயகலாவின் வீட்டுக்கு அடுத்த வளவில்தான் பிள்ளையார் கோயில். விடியற்பூசைக்கு மணி ஒலித்தால், வீட்டினுள்ளே சேலையிற் கட்டித் தொங்கவிட்ட ஏணையில் உறங்கும் ஏழு மாத ஆரூரன் அவ்வொலியிலேயே கண்விழிப்பான். விழித்த கணமே தலை தாழும். இரு கைகளும் மேலெழுந்து முன்னே குவியும். சற்றே தளர்ந்து, மீண்டும் தாழும், மீண்டும் குவியும்.

அதை முதலிற் கண்டவள் உதயகலாவின் கணவன் கஜீபனின் தமக்கை ஞானாம்பிகை. நாள் தவறாது தேவாரம் பாடும் அவளுக்கு மெய் சிலிர்த்தது.

"தம்பி, ஓடி வா! உன்ரை பிள்ளை கும்பிடுறான்!"

பூசை கண்டு திரும்புவோர் அவ்வீட்டையும் எட்டிப் பார்த்துப் போகலாயினர். எதிர்வீட்டு மார்க்கண்டர் கதலிப்பழச் சீப்போடு வந்தார்.

"எங்கடை பொடியள் கோயிலுக்கு வந்தாலும் போனைத்தான் கும்பிடுறாங்கள். உவன் மணி கேட்டாலே குனியிறான். போன பிறப்பிலை ஓதுவார்தான், பிள்ளை!"

எல்லோரும் சிரித்தனர். உதயகலாவும் சிரித்தாள். மகன் மட்டும் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் அவள் குரல் கேட்ட மாத்திரத்தில் காலுதைத்துக் கலகலத்தவன். பாயில் இட்டால் குப்புறப் புரண்டு தலை நிமிர்த்தியவன். இப்போது இட்டது இட்டபடி கிடந்தான். பொழுது சாயக் கூம்பும் நெய்தற்பூப்போல் அம்முகம் நாளுக்குநாள் உள்ளொடுங்கிற்று. பார்வை அவளைத் தொடாமல் நழுவி, முகட்டு ஓட்டிற் போய் நின்றது.

"இஞ்சேருங்கோ, பிள்ளை என்னைப் பாக்கிறான் இல்லை."

"பல்லு முளைக்கிற நேரமப்பா. இதை அக்காவுக்குச் சொல்லிப்போடாதை, மனம் நோவா" என்றுவிட்டுக் கஜீபன் வெங்காயப் பாத்திக்கு நீர் திருப்பிவிடப் போனான்.

ஒரு நண்பகல், கோயில் நடை சாத்தியிருந்தது. மணியில்லை, பாட்டில்லை. ஏணையில் உறங்கிய ஆரூரன் தானாக விழித்தான். வெறுஞ்சுவரை நோக்கியபடி தலை தாழ்ந்தது, கைகள் குவிந்தன. மீண்டும், மீண்டும். ஒவ்வொரு முறையும் முடிவில் மெல்லிய ஓர் அழுகை. உதயகலாவுக்குப் புரிந்தது. அவனை வளைப்பது மணியன்று; விழிப்பு. கைபேசியை எடுத்து அதைப் படமாக்கினாள்.

"மச்சாள், கோயில் பூட்டியிருக்கேக்கையும் குனியிறான். நித்திரையாலை எழும்பினால் வருது. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் ஞானாம்பிகையிடம்.

"கடவுள் கோயிலுக்குள்ளை மட்டுமோ இருக்கிறார்? பெத்தவள் நீயே பிள்ளையிலை குற்றம் சொல்லாதை."

மறுநாள், ஒருவரிடமும் சொல்லாமல், பிள்ளையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வைத்தியர் கைபேசிப் படத்தை இறுதிவரை பார்த்தார்.

"இது வலிப்பம்மா. கைக்குழந்தையளுக்கு வாற ஒரு வகை. கும்பிடுற மாதிரித்தான் இருக்கும். அதாலை கனபேர் பிந்தித்தான் வருகினம். எப்ப துவங்கினது?"

பழச்சீப்போடு வந்தவர்களையும் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிய தன்னையும் நினைத்தபடி அவள் நாட்களை விரல்விட்டு எண்ணினாள்.

தலையிற் கம்பிகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிந்தார்கள். அன்றே வார்டிற் சேர்த்து மருந்து தொடங்கினார்கள்.

"வலிப்பை நிப்பாட்டலாம். இழந்ததெல்லாம் திரும்புமோ எண்டு இப்ப சொல்லேலாது. முகத்துக்குக் கிட்டப் போய்க் கதையுங்கோ. விடாமல் கதையுங்கோ."

கஜீபன் வார்டுக்கு வந்து, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டுப் போனான்.

வலிப்பு நின்றபின் வீடு திரும்பினார்கள். மறுநாள் விடியலில் மணி ஒலித்தது. ஆரூரன் கண்விழித்தான். தலை தாழவில்லை. கைகள் இரண்டும் சேலை மடிப்பில் அசையாது கிடந்தன. எட்டிப் பார்த்தவர்கள் சற்று நின்றுவிட்டு நடந்தார்கள். ஞானாம்பிகையின் தேவாரம் இடையில் அறுந்தது.

"இப்ப கும்பிடுறான் இல்லையே" என்று தேம்பினாள்.

அடங்கிய அந்தக் கைகளைக் கண்டு மகிழ அவ்வீட்டில் உதயகலா ஒருத்திதான் இருந்தாள். அம்மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை.

பிள்ளையை மடியிற் கிடத்தினாள். "ஆரூரா" என்றாள். அவன் விழிகள் முகட்டு ஓட்டிலிருந்து மெல்ல இறங்கின. அவள் மூக்குத்தியின் மினுக்கத்தில் ஒரு கணம் தங்கின. பின் நழுவி யன்னற் பக்கம் போயின.

அவள் எழுந்து, அவனை அணைத்தபடியே யன்னலண்டை சென்றமர்ந்து, அப்பார்வை நின்ற இடத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"ஆரூரா, அம்மாவடா."