நூற்று எண்பது கிரெடிட்

சுதாஜினிக்குக் கணக்குப் பிழைக்காது என்று கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சியில் ஒரு பேச்சு உண்டு. வயலுக்கு எத்தனை பை பசளை வேண்டும் என்று மாமனார் மயில்வாகனம் மருமகளிடம்தான் கேட்பார். கேட்டுவிட்டு, தன் மனக்கணக்கும் அதேதான் என்று மீசையைத் தடவிக்கொள்வார். வவுனியாக் கம்பஸில் அவள் படிப்பிப்பதும் புள்ளிவிபரவியல்தான். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு முதல் நாள் அவள் சொல்வது ஒன்றே ஒன்று: "அலகைப் பாக்காமல் எண்ணிலை கை வைக்காதேங்கோ." இப்படிச் சொல்லிக்கொடுத்தவள் எதில் போய் விழுந்தாள் என்பதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

அவசரம் அவளுடைய பிறவிக் குணம் இல்லை. உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய வயதில் அவள் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து அகதி முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தாள். ஒருவழியாகக் கம்பஸுக்கு வந்தபோது கூடப் படித்தவர்கள் எல்லோரும் இரண்டு வயது இளையவர்கள். அவர்கள் மரியாதையாகத்தான் "அக்கா" என்றார்கள். அந்த "அக்கா" அவளைச் சுட்டது. போன இரண்டு வருடத்தை எப்படியாவது எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குப் பிடித்ததுதான், பிறகு விடவே இல்லை. நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு இடம் கிடைத்தும் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்தாள். ஒரு வருடம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள்.

மிச்சம் பிடித்த வருடம் அவளை எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. தற்காலிக உதவி விரிவுரையாளர் என்று ஒரு நியமனம் கிடைத்தது. வருடம் முடிய அதுவும் முடியும். பிறகு கெஞ்சிக் கேட்டுப் புதுப்பிக்க வேண்டும். பொதுப் பட்டக்காரர் நிரந்தரமாக வேண்டுமென்றால் முதுமாணிப் பட்டம், எம்.எஸ்சி., கட்டாயம். இங்கே அதற்குச் சட்டப்படி இரண்டு வருடம். ஆய்வை மேற்பார்ப்பவர் ஓர் அத்தியாயத்தை வாசித்து முடிப்பதற்குள் நாலு வருடம் ஓடிவிடும். இங்கிலாந்திலோ ஒரே ஒரு வருடம். அதோடு அங்கே பட்டம் என்றாலே மூன்று வருடம்தான், பொது சிறப்பு என்று பிரித்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. இங்கே அரைப் பட்டம் போலப் பார்க்கப்பட்டதை அங்கே முழுப் பட்டமாக எடுத்துக்கொண்டு, புலமைப்பரிசிலும் கொடுத்து, வாருங்கள் என்றார்கள். சுதாஜினிக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது மகள் ஆரணிக்குப் பதினொரு மாதம்.

"ஒரு வருசம்தானே" என்றான் கணவன் ரஜிதன். கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்ப்பவன், எதையும் பெரிதாக எடுக்காத மனுஷன். அவனுடைய அக்கா இராசமலர் கலியாணம் செய்யாமல் தகப்பனோடு இருந்தவர்; பிள்ளையைத் தான் பார்ப்பதாகச் சொல்லி, கேட்பதற்கு முன்பே கையில் வாங்கிக்கொண்டார். "ஒரு வருசம்தானே" என்று அவரும் சொன்னார். சுதாஜினியும் அதையே சொல்லிக்கொண்டு விமானம் ஏறினாள்.

திரும்பி வந்தபோது ஆரணிக்கு இரண்டு வயது. இராசமலரின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, ஆர் இது?" என்று அவரிடம் கேட்டாள். ஒரு வாரத்தில் பெயரைப் பிடித்துக்கொண்டு "சுதா, சுதா" என்று கூப்பிடத் தொடங்கினாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சுதாஜினியும் சிரித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய், வாளியைப் போட்டு இறைக்கிற சத்தத்தில் அழுதாள். ஒருமுறை பிள்ளையை வவுனியாவில் தன்னுடைய அறைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். அழுது அழுது காய்ச்சல் வந்ததில் மறுநாளே கொண்டுவந்து இராசமலரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் மனதில் ஒரு திட்டம் இருந்தது. நிரந்தர நியமனம் கிடைத்தால் கம்பஸ் விடுதியில் வீடு கிடைக்கும். ரஜிதன் வவுனியாவுக்கு மாற்றம் எடுப்பான். மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தால் பிள்ளை மெல்ல மெல்லத் தன்னிடம் வந்துவிடுவாள். இங்கிலாந்தில் இருந்து அவளுடைய பேராசிரியர், கலாநிதிப் பட்டத்துக்கு, அதாவது பிஎச்.டி.க்கு, நேராக வரலாம், மூன்று வருடச் செலவும் தங்களுடையது என்று மின்னஞ்சல் போட்டிருந்தார். அவள் அதற்குப் பதில்கூட எழுதவில்லை. இனிப் பிள்ளையை விட்டுவிட்டு எங்கேயும் போவதில்லை என்று நினைத்திருந்தாள்.

வெற்றிடம் வந்தது. விளம்பரத்தில், பொதுப் பட்டதாரியானால் ஆய்வோடு கூடிய முதுமாணிப் பட்டம் வேண்டும், அறுபது கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது என்று போட்டிருந்தது. சுதாஜினியின் பெறுபேற்றுத் தாளில் நூற்று எண்பது என்று கிடந்தது. "அவை கேக்கிறதைப்போல மூண்டு மடங்கு என்னட்டைக் கிடக்கு" என்று ரஜிதனுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். ஒருவருடைய கணக்கையும் நம்பாதவள், தன்னுடையதை இரண்டாம் முறை பார்க்கவில்லை.

நேர்முகத்துக்குத் தெரிவானவர்களின் பட்டியலில் அவளுடைய பெயர் இல்லை. அவளிடம் படித்த கிருசாந்தனின் பெயர் இருந்தது. நாலு வருடச் சிறப்புப் பட்டத்தைத் தவிர அவனிடம் வேறொன்றும் கிடையாது. எங்கேயோ தட்டச்சில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு உதவிப் பதிவாளர் ஆண்டியப்பனிடம் போனாள். மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்து மனிதர், ஒருவரோடும் குரலை உயர்த்திப் பேசாதவர். அவளைக் கண்டதும் கோப்பைத் தேடாமலே எடுத்தார். முன்பே எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

"உட்காருங்க மிஸ்."

"என்ரை பேர் விடுபட்டுப் போச்சுப்போல, சேர். ஒருக்காப் பாருங்கோ."

"விடுபடல்ல மிஸ். உங்க எம்.எஸ்சி.க்கு முப்பத்தாறு கிரெடிட்தான் போட்டிருக்காங்க."

"முப்பத்தாறோ? தாளிலை நூற்றெண்பது எண்டெல்லோ கிடக்கு."

ஆண்டியப்பன் ஒரு துண்டுக் கடதாசியைத் தன் பக்கம் இழுத்தார். பேனையைத் திறந்தார், பிறகு எழுதாமலே மூடிவிட்டார். "அங்க ஒரு கிரெடிட்டுன்னா பத்து மணித்தியாலப் படிப்பு, மிஸ். இங்க அம்பது மணித்தியாலம்."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. நூற்றெண்பதைப் பத்தால் பெருக்கி ஐம்பதால் பிரிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். முப்பத்தாறு. சரியான விடை. சுதாஜினிக்கு முகம் எரிந்தது. கோபப்படுவதற்குக்கூட ஒருவர் இல்லை என்பது அவளுக்கு அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது. ஒருவரும் அவளை ஏமாற்றவில்லை. விதியை நேற்று மாற்றவும் இல்லை.

"ஆய்வு செய்தனான்தானே, சேர்."

"மூணு மாசம். இங்க ஒரு வருசம் கேக்குறாங்க."

"மேன்முறையீடு?"

"போடலாம். போட்டவங்க இருக்காங்க." அவர் கோப்பின் ஓரங்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினார். "ஒக்டோபரோட உங்க தற்காலிகமும் முடியுது மிஸ். இனி நீட்ட ஏலாதுன்னு சொல்லிட்டாங்க. இங்கயே ரெண்டு வருசத்துக்குப் பதிஞ்சு, திரும்பச் செஞ்சா..."

திரும்பச் செய்தாலும் வெற்றிடம் வர வேண்டுமே. கிருசாந்தன் இருக்கப் போகிற கதிரை இன்னும் முப்பது வருடத்துக்குக் காலியாகாது. அவள் எழும்பி நன்றி சொன்னாள். எதற்கு நன்றி என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. மாங்குளம் தாண்டும்வரை அவள் நினைத்தது கம்பஸைப் பற்றியே இல்லை. அந்த ஒரு வருடத்தில் ஆரணிக்குக் கடவாய்ப் பல் முளைத்தது, நடந்தாள், பேசினாள், சின்னம்மை வந்து மாறியது. எல்லாவற்றையும் அவள் தொலைபேசித் திரையில் பார்த்தாள். அதற்கெல்லாம் ஈடாகத் தன்னிடம் இருப்பது ஒரு தாள் என்று ஆறுதல்பட்டிருந்தாள். அந்தத் தாள் இங்கே முப்பத்தாறு. அங்கே அவள் கலாநிதிப் படிப்புக்குத் தகுதியானவள், இங்கே நேர்முகத்துக்குக்கூடத் தகுதி இல்லாதவள். ஒரே ஆள், ஒரே தாள். பக்கத்தில் இருந்த பெண் சுகமில்லையா என்று கேட்டார். தலையிடி என்றாள்.

வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும், வேலையிடத்தில் இருந்து சாப்பிட வந்திருந்த ரஜிதன் எழும்பினான். ஒன்றும் மறைக்காமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ரஜிதனுக்குக் கிரெடிட் கதை பிடிபடவில்லை. நூற்றெண்பது எப்படி முப்பத்தாறாகும், இது அநியாயம் என்று துள்ளினான். முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்த மயில்வாகனத்துக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"அது பரப்புக் கணக்கடா தம்பி" என்றார். "நான் யாழ்ப்பாணத்தாலை இஞ்ச வந்த புதிசிலை, ஊரிலை எனக்கு இருபது பரப்புக் காணி எண்டு ஆக்களுக்குப் பெருமை அடிச்சுக்கொண்டு திரிஞ்சனான். ஒருத்தன் விரலை மடக்கிப் பாத்திட்டு, பதினாறு பரப்பெல்லோ ஒரு ஏக்கர், அப்ப ஒண்டே கால் ஏக்கரோ எண்டான். அண்டைக்கு மூடின வாய்." அவளைப் பார்க்காமல் நெல்லைக் காலால் அளைந்தார். "நீ போக முதல் என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம், பிள்ளை."

ஆறுதலாகத்தான் சொன்னார். சுதாஜினிக்கு அது நெஞ்சில் இடித்தது. கிழவன் இரண்டு வசனத்தில் சொன்னதை இரண்டு பட்டம் வாங்கியவள் காணவில்லை.

"சரி, அந்தப் பேராசிரியர் கேட்டவர்தானே" என்றான் ரஜிதன். "மூண்டு வருசம். முடிச்சுக்கொண்டு வந்தால் ஒருத்தரும் கிரெடிட் எண்ண மாட்டினம். பிள்ளையையும் கொண்டு போம்."

"பிள்ளை என்னோடை வருவாளோ?"

ரஜிதன் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வவுனியாவில் அந்த ஒரு நாள் நடந்தது அவனுக்கும் தெரியும்.

குசினி வாசலில் இராசமலர் ஆரணியைத் தோளில் போட்டு நின்றார். பிள்ளை அரைத் தூக்கத்தில் இருந்தாள். இந்த ஒரு மாதமாகத்தான், சனி ஞாயிறில் வருகிற சுதாஜினி ஊட்டினால் வாய் திறக்கிறாள்; போன ஞாயிறு அவளாகவே வந்து மடியில் ஏறி, ஐந்து நிமிடம்போல இருந்தாள். அதைச் சுதாஜினி ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயந்து மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள். இராசமலர் அதைக் கண்டிருக்க வேண்டும்.

"சுதா" என்றார் இராசமலர், பிள்ளை எழும்பிவிடாதபடி மெல்ல. "போறதெண்டால் இப்பவே போ. பிள்ளை உன்னட்டை நல்லாப் பழக முதல் போ."

அதில் குத்தல் இல்லை, பொறாமையும் இல்லை. பழகிவிட்டுப் பிரிந்தால் பிள்ளை தாங்க மாட்டாள் என்பதை, ஒரு வருடம் இரவும் பகலும் தூக்கி வளர்த்த ஒருவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். எங்கேயாவது பிழை இருக்குமா என்று சுதாஜினி அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒரு பிழையும் இருக்கவில்லை.

"ஓம் மச்சாள்" என்றாள்.