யோவானா இறங்கும் இடம்

பன்னிரண்டு வருடம் வேன் கதவில் தொங்கிக்கொண்டு கத்தியவளுக்கு, கத்தாமல் பிழைக்க ஒரு வேலை வேண்டும் என்று ஆசை வருவதில் என்ன தப்பு? யோவானா உவாரிங்காவுக்கு அந்த ஆசை வந்தது. நாற்பத்தொரு வயதில் கண்டக்டர் வேலையை உதறிவிட்டு ஆறு மாதச் சமையல் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கூடப் படித்ததெல்லாம் அவள் மகள் வயதுப் பெண்கள். "அக்கா, ஒரு டிக்கெட் குடுங்க" என்று சீண்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கக் கற்றுக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் அவளை சூர்க்கில்லோ பேட்டையில், பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் செவிச்சே என்று விற்கும் ஓர்த்தென்சியா அம்மாளின் கடைக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை சமையல்கட்டு, சனிக்கிழமை மீன் வாங்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமை பரிமாறும் கூடம். மூன்றையும் செய்து காட்ட வேண்டும். ஞாயிறு மாலை கடை சாத்தியதும், எந்த வேலை, அல்லது எதுவுமே இல்லையா என்று அம்மாள் சொல்லிவிடுவாள். யோவானாவுக்கு வேண்டியது சமையல்கட்டு ஒன்றுதான். வேனில் தினமும் எத்தனையோ நூறு பேர் ஏறி இறங்கியும் ஒருத்தர்கூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. தன் கையால் செய்ததை யாராவது வாயில் வைத்து ஒரு நொடி கண்ணை மூடினால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தலைமைச் சமையல்காரன் வில்மெர் ஒரு கூடை எலுமிச்சையை அவள் முன்னால் இறக்கினான்.

"பாதிதான் பிழியணும்க்கா. ஒரே ஒரு அமுக்கு, ஓரமாப் போட்டுடு. அதுக்கு மேல ஆசைப்பட்டா தோலோட கசப்பு இறங்கிடும்."

சரி என்று தலையாட்டினாள். ஆனால் எலுமிச்சை விலை ஏறிக் கிடந்த மாதம் அது. வீட்டில் ஒரே பழத்தை நாலு பேர் சூப்புக்குப் பிழிந்து, மிச்சத் தோலால் சட்டியும் தேய்க்கிறவள் அவள். சாறு சொட்டச் சொட்டப் பழங்கள் ஓரமாகக் குவிந்ததைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. வில்மெர் மீன் நறுக்கத் திரும்பினானோ இல்லையோ, குவித்ததை எல்லாம் எடுத்துக் கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிந்துவிட்டாள். கடைக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று பெருமை வேறு.

பச்சை மீனை ஊறவைக்கும் அந்தப் புளிப்பும் காரமுமான சாற்றுக்குப் புலிப்பால் என்று பெயர். பன்னிரண்டரைக்கு முதல் மேசையிலிருந்து தட்டு திரும்பி வந்தது. பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது. வில்மெர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"இது புலிப்பால் இல்லக்கா. புலிக்கு வயித்துவலி வந்தா குடுக்குற மருந்து!"

"நான்தான் முழுசாப் பிழிஞ்சேன்" என்றாள் யோவானா. வேறு யார் தலையிலும் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஐந்து கிலோ மீன் குப்பைக்குப் போனது. பாவம், அன்று முழுக்க அவள் யார் கண்ணையும் பார்க்காமல் பாத்திரம் கழுவினாள்.

சனிக்கிழமை மட்டும் என்ன வாழ்ந்தது? மீனின் கண்ணைப் பார்த்து வாங்கு என்றார்கள். அவளுக்கு எல்லா மீனும் தன்னைப் பரிதாபமாகப் பார்ப்பது போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரே செவிச்சே தின்னக் கிளம்பிவிடும். வாசலில் நாற்பது பேர். உட்காரவைக்கும் பெண் அன்று பார்த்து வரவில்லை. ஒரு தடித்த ஆள் நான்தான் முதலில் வந்தேன் என்கிறான், பின்னால் ஒரு குழந்தை வீறிடுகிறது, உள்ளே மேசை காலியாக இருக்கிறது. யோவானா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்க அவளால் முடியவில்லை.

"ஏறு ஏறு ஏறு! பின்னாடி இடம் இருக்கு, பின்னாடி போ! நாலு பேரா? ஜன்னலோரம். ராசா, நீ மூணாவதா வந்தவன், எனக்குத் தெரியும், நீயே ஒதுங்கிடு! பெரியம்மா, பையை மடில வச்சுக்கோங்க, இன்னொருத்தர் உக்காரட்டும்!"

வாசலே குலுங்கிச் சிரித்தது. தினமும் காலையில் எரிச்சலோடு கேட்கிற குரல், இன்று செவிச்சே கடை வாசலில்! தடித்த ஆளே பணிவாகப் பின்னால் போனான். யார் எப்போது வந்தார், யார் தட்டு இன்னும் வரவில்லை, எந்த மேசை எழுந்திருக்கும், எல்லாம் அவள் தலையில் இருந்தது. சாப்பிட்டுப் போகிறவர்களையும் விடவில்லை. வாசல் படி வழுக்கும். "பாத்து இறங்கு! வலது கால், வலது கால்!" என்றாள், ஓடுகிற வேனிலிருந்து இறங்குகிறவர்களுக்குச் சொல்வது போலவே.

நாலரைக்குக் கதவு சாத்தினார்கள். ஓர்த்தென்சியா அம்மாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் கையாலேயே தட்டில் சோறும் பீன்ஸும் போட்டாள்.

"இந்த வாசலுக்கு ஒரு குரலைப் பதினஞ்சு வருஷமா தேடினேன்டி. கூடம் முழுக்க உன் பொறுப்பு. சம்பளம் வில்மெருக்குச் சமமா."

யோவானாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. வீட்டு வாடகை, மகளின் படிப்பு, எல்லாம் ஒரு சுற்று மனதுக்குள் வந்து போனது. பாராட்டுத்தான். ஆனால் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா, எனக்குச் சமையல்கட்டுதான் வேணும்."

"வெள்ளிக்கிழமை நீ என்ன பண்ணினேன்னு மறந்துட்டியா?"

"மறக்கல."

"அங்க மூணு மாசம் எலுமிச்சை பிழியற வேலைதான். பாதிச் சம்பளம். பைத்தியமாடி உனக்கு?"

"இருக்கலாம்மா. பன்னெண்டு வருஷம் அவங்கவங்க இறங்கற இடத்துல எல்லாரையும் இறக்கிவிட்டேன். நான் இறங்கற இடம் வந்தாச்சு. இன்னும் கதவுலயே தொங்கச் சொல்றீங்களே?"

அம்மாளுக்குக் கோபம்தான். நாற்காலியை இழுத்துத் தள்ளிவிட்டு, எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த வில்மெரைப் பார்த்தாள். அவன் எழுந்துபோய் ஒரு எலுமிச்சையை நறுக்கி, ஒரு கிண்ணத்தோடு யோவானாவின் முன்னால் வைத்தான்.

அவள் பிழிந்தாள். பாதியில் விரல்கள் நின்றன. உள்ளே இன்னும் சாறு இருப்பது கைக்குத் தெரிந்தது. பழத்தை ஓரமாக வைத்துவிட்டாள்.

வில்மெர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். ஒரு நொடி கண்ணை மூடினான்.

"நாளைக்குக் கடை லீவு" என்றாள் அம்மாள், இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "செவ்வாக்கிழமை ஆறு மணிக்கு வந்துடு. லேட்டா வந்தா வாசல்லதான் நிக்கவைப்பேன்."

செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கே யோவானா வந்துவிட்டாள். சமையல்கட்டுப் படியில் காலை வைக்கும்போது வாய் தானாக முணுமுணுத்தது: "வலது கால், வலது கால்." பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.